வெள்ளமும் தண்ணீர் லாரியும் ஒரே தெருவுக்கு வருவது ஏன்?

கேள்வி இதுதான்: "சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிசம்பரில் முழங்கால் அளவுத் தண்ணீர், மே மாதம் லாரித் தண்ணீர் என்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டும் எப்படி? ஜனத்தொகை பெருத்துப் போனதுதான் காரணமா? இத்தனை கோடிக்கு மழைநீர் வடிகால் கட்டுகிறார்களே, அதில் சரியாகிவிடாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓரளவு குறையும், தீராது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் 20 செ.மீ. மழை கொட்டினால், வடகிழக்குப் பருவமழைக்கு இது புதிதும் இல்லை, மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் விழுகிற தண்ணீர் சுமார் 8,500 கோடி லிட்டர். அதாவது 3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரி முழுதாக நிரம்பினாலே 3.6 டிஎம்சிதான். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாள் மழையில் கிட்டத்தட்ட மூன்று மாதத் தண்ணீர் இருக்கிறது. அதைத் தங்க விடாமல் ஒரே இரவில் கடலுக்குத் தள்ளப் பார்க்கிறோம். தள்ள முடியாதபோது வெள்ளம். தள்ளி முடித்துவிட்டால் மே மாதம் லாரி. ஆக இரண்டும் ஒரே கோளாறுதான்.

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரம்தான் இருக்கும். தண்ணீருக்கு ஓடிப்போக அவசரமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பகுதியில் ஏரிகளை வெட்டினார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஒவ்வொரு ஏரிக்கும் மேட்டுப் பக்கம் உள்வாய், தாழ்ந்த பக்கம் கரை. கரையில் மதகு இருக்கும். அதைத் திறந்தால் அந்த ஏரியை நம்பிப் பாசனம் செய்யும் வயல்களுக்கு, அதாவது ஆயக்கட்டுக்கு, தண்ணீர் போகும். ஓர் ஓரத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பினால் அதில் வழிகிற உபரிநீர் கால்வாய் பிடித்து அடுத்த ஏரிக்குப் போகும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக அதே சதுப்புக்கு வரும். சேலையூர், செம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணையில்தான் வந்து விழும். நீங்கள் வீடு பார்க்கும் மேடவாக்கம் இந்தச் சங்கிலியின் நடுவே இருக்கிறது.

ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது ஆயக்கட்டு காணாமல் போனது. கரைக்குக் கீழே இருந்த வயல்கள் பட்டா நிலம். அவற்றை யாரும் ஆக்கிரமிக்கவில்லை. விவசாயம் கட்டுப்படியாகாமல் விற்றார்கள், வாங்கியவர்கள் மனை போட்டார்கள், முறைப்படி அப்ரூவலும் கிடைத்தது. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வரப்பு கட்டிய வயல் என்பது ஒரு சாண் ஆழத்துக்கு மழையைப் பிடித்து வைத்து நிதானமாக விடுகிற இடம். ஆயிரம் ஏக்கர் வயல் போனால் ஆயிரம் ஏக்கர் பரப்புக்கு ஒரு சாண் தண்ணீர் தங்க இடமில்லாமல் தெருவுக்கு வருகிறது. இதை எந்த ஆக்கிரமிப்புப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

அதோடு முடியவில்லை. வயல் போனதும் மதகுக்கு வேலை இல்லை. மதகிலிருந்து கிளம்பும் வாய்க்கால் யாருக்கும் வேண்டாததாகி, முதலில் குப்பை கொட்டும் இடமாகிறது. பிறகு அதன் மேல் ஒரு சிமெண்ட் பலகை, அப்புறம் ஒரு காம்பவுண்டுச் சுவர். முன்பெல்லாம் ஏரியைத் தூர்வாரவில்லை என்றால் சண்டைக்கு வர ஆயக்கட்டுக்காரர்கள் இருந்தார்கள். இப்போது அப்படி யாரும் இல்லை. ஏரியை ஒட்டி வீடு கட்டியவருக்கு ஏரி நிரம்புவதே பயம். கலங்கலின் உயரத்தைக் குறைக்கச் சொல்கிற, கரையை வெட்டிவிடச் சொல்கிற நெருக்குதல்கள் மழைக்காலத்தில் அவர்களிடமிருந்துதான் வருகின்றன. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

அரசு ஏற்பாடும் விவசாய காலத்து ஏற்பாடுதான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, இப்போது நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆயக்கட்டே இல்லாத ஊரில் இன்னும் ஆயக்கட்டை வைத்துத்தான் ஏரியின் பொறுப்பாளர் யார் என்று தீர்மானமாகியிருக்கிறது. 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. அதுவும் பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு மட்டும்தான். சங்கிலியின் நடுவில் உள்ள சின்ன ஏரிகளும் குட்டைகளும் அதில் வரவில்லை.

ஏரிக்குள் வீடு கட்டுவதை ஏதோ ரியல் எஸ்டேட்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். முகப்பேரில் ஒரு குடியிருப்புத் திட்டத்தின் பெயரே ஏரித் திட்டம். பஸ் போர்டில் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் போனதில் அரசு வாரியங்களின் பங்கு சிறியதில்லை. வழிகாட்டியது அரசு. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

பள்ளிக்கரணைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் ஃபிளாட்டின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. 1960-களில் இந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. வருவாய்த் துறைக் கணக்கில் இது கழுவெளி. வெள்ளம் வந்து நிற்கும் சதுப்பு என்றுதான் அதற்குப் பொருள், ஆனால் எதற்கும் உதவாத புறம்போக்காகவே பார்த்தார்கள். உதவாத நிலம் என்று எழுதி வைத்துவிட்டால் வேறு எங்கும் இடம் கிடைக்காததெல்லாம் அங்கே வந்து சேரும். பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆய்வு நிறுவனமும் வந்தன. கடலையும் காற்றையும் ஆராய்கிறவர்களுக்கு இடம் கொடுத்தது சதுப்பில்! பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் வரை 200 அடி சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. சதுப்புக்குக் கிழக்கே ஓஎம்ஆர் எனும் பழைய மாமல்லபுரம் சாலை. இந்தச் சாலைகளை நாம் சாலை என்கிறோம். தண்ணீருக்கு அவை கரைகள். அடியில் விட்டிருக்கும் சிறுபாலங்களின் அகலம்தான் எவ்வளவு தண்ணீர் போகலாம் என்று தீர்மானிக்கிறது.

2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் சதுப்புக்கு வந்து சேரும் தண்ணீரின் அளவு அதே பழைய அளவு, சொல்லப்போனால் மேலே கான்கிரீட் பெருகியதால் அதைவிட அதிகம், வேகமும் அதிகம். அது வெளியேற முக்கியமான வழி ஒன்றே ஒன்று, ஒக்கியம் மடுவு. அதைத் தாண்டினால் தெற்கு பக்கிங்காம் கால்வாய். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் நேராகப் போக வழி இல்லை. தண்ணீர் தெற்கே திரும்பி, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாயிலேயே நகர்ந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். அங்கே மணல்திட்டு அடைத்திருக்கும். புயல் நேரத்தில் கடல் கொந்தளித்து உள்ளே தள்ளும். அதனால்தான் மழை விட்டு மூன்று நாளான பிறகும் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் படகு விடுகிறார்கள். கால்வாயிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு வழி வெட்டும் யோசனை பேச்சில் இருக்கிறது. செய்தால் வெள்ளத்துக்கு உதவும். ஆனால் தண்ணீரை வேகமாகக் கடலில் விடும் அதே புத்திதான் அதிலும் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

இங்கே 2015 பற்றி ஒரு வார்த்தை. அந்த வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததுதான் பேச்சு. திறந்த விதத்தில் தவறு இருந்தது. மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கையே அதை மனிதர்களால் வந்த பேரிடர் என்று சொன்னது. ஆனால் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. இந்த இரண்டு ஊர்களும் அதற்கு மேலே இருக்கின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டு திறக்காமல் இருந்திருந்தாலும் அவை மூழ்கியிருக்கும். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்த தண்ணீர் அது. அது கலங்கலில் தானாக வழிந்த தண்ணீர், இத்தனை கன அடி திறந்தது யார் என்று விசாரிக்க ஆள் கிடையாது. அதனால் பேச்சிலும் அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை.

சரி, ஜனத்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி பழைய 176 சதுர கிலோமீட்டர் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நெரிசல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் பள்ளிக்கரணையைவிட எத்தனையோ மடங்கு நெரிசலான இடங்கள். அவை கடற்கரையை ஒட்டிய மணல் மேட்டில் இருக்கின்றன, நடுவில் கோயில் குளம் இருக்கிறது. பெருமழையில் அங்கேயும் தண்ணீர் நிற்கும், ஆனால் படகு விடுகிற நிலை அபூர்வம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எந்த நிலத்தில் இருக்கச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. இன்னும் சொல்லப்போனால், மேட்டு நிலத்தில் அடுக்குமாடியாக நெருக்கமாகக் கட்டியிருந்தால் தாழ்ந்த நிலத்தைக் காலியாக விட்டிருக்கலாம். நாம் செய்தது நேர்மாறு. சென்னைக்குள் இடமில்லை என்று வயலிலும் சதுப்பிலும் பரவிக்கொண்டே போனோம்.

இதில் எனக்குக் கோபம் வருகிற ஒரு விஷயம் உண்டு. அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை, ஆற்றை அடைக்கிறார்கள், அவர்களுக்கும் ஆபத்து என்று சொல்லி, 2015-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். கொண்டுபோய் வைத்த இடம்? பெரும்பாக்கம். சுமார் 20,000 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்திலேயே சுனாமிக்குப் பிறகு மீனவர்களையும் மற்றவர்களையும் வைத்த செம்மஞ்சேரி. இரண்டும் சதுப்பை ஒட்டிய தாழ்ந்த பகுதி, இரண்டிலும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. வேலை மயிலாப்பூரில், பள்ளிக்கூடம் சைதாப்பேட்டையில், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி வெள்ளத்தில். அடையாற்றின் குறுக்கே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது வடிகால். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டு, பெரிய அளவில் வடிகால் கட்டினார்கள். தியாகராய நகர் போன்ற உள்நகரப் பகுதிகளில் பலன் தெரிகிறது. சாதாரண மழைக்கு முன்போல் நாள் கணக்கில் தேங்குவதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென் சென்னையிலும் வட சென்னையிலும் வடிகால்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம் எளிது. வடிகால் ஆற்றிலோ கால்வாயிலோதான் போய் முடிய வேண்டும். ஆறே நிரம்பி நின்றால் தண்ணீர் திரும்பி வடிகால் வழியாகவே தெருவுக்கு வரும். போதாததற்கு, வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு. மழை தொடங்கும் முன்பே அது பாதி நிரம்பிச் சகதியோடு இருக்கிறது.

இன்னொரு கூத்து கிழக்குக் கடற்கரைச் சாலையில். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கமெல்லாம் மணல் பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த மணலில் நிற்கும் நல்ல தண்ணீர்தான் கடல் நீர் உள்ளே வராமல் தடுக்கிறது. அங்கேயும் கான்கிரீட் வடிகால் கட்ட ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று அந்தப் பகுதி மக்களே பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. வடிகால் வேண்டும் என்று கேட்டு ஊர்கள் போராடுகிற காலத்தில், வேண்டாம் என்று போராடியவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

கோடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாதி சொல்லியாகிவிட்டது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், நகரத் தேவையில் அரை சதவீதம்கூட இல்லை. ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிகள் பல ஆண்டுகளாக லாரியில்தான் பிழைக்கின்றன. அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோவிலம்பாக்கம் போன்ற பக்கத்து ஊர்களின் கிணறுகளிலிருந்து. அந்தக் கிணறுகளுக்கு ஊறவேண்டிய ஏரிகள்தான் மேலே பார்த்த சங்கிலி. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கட்டியிருக்கிறார்கள். பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் ஆலையும் எழும்புகிறது. தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நவம்பரில் மழைநீரைக் கடலில் விட்டுவிட்டு, மே மாதத்தில் மின்சாரம் செலவழித்து அதே கடலிலிருந்து திரும்ப எடுக்கிறோம். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிலத்தடி நீர் ஏறியதைச் சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். இன்று பாதி வீடுகளில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

உருப்படியாக நடப்பவையும் உண்டு. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்டு அங்கே குளங்கள் வெட்டியது. வேளச்சேரிக்குப் போகும் தண்ணீரை மேலேயே நிறுத்துகிற வேலை அது. என்னைக் கேட்டால் பல கிலோமீட்டர் வடிகாலைவிட இது மேல். செம்பாக்கம் ஏரியைச் சீரமைத்தபோது உள்ளே வரும் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி விடுவதில் கவனம் வைத்தார்கள். அது அரிது. பெரும்பாலான ஏரிச் சீரமைப்பு என்பது சுற்றிலும் நடைபாதை, நான்கு பெஞ்ச், ஒரு செல்ஃபி மேடை. வரத்துக் கால்வாயும் கிடையாது, போக்குக் கால்வாயும் கிடையாது. பசுமைத் தீர்ப்பாயம் 2025-இல் பள்ளிக்கரணை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்தி வைக்கச் சொன்னதும் சேதி தெரிந்த கட்டுமான நிறுவனங்கள் அலறின. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே எவ்வளவு கட்டியாயிற்று என்பது வேறு கதை.

நீங்கள் வாங்கப்போகும் ஃபிளாட்டுக்கு வருகிறேன். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறது, பேங்க் லோன் கொடுக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் இருப்பதால் வெள்ளம் வராது என்று ஆகிவிடாது. புல எண்ணை வாங்கி, கிராம வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து எண்களில் வாய்க்கால், ஓடை, ஏரி, கழுவெளி என்று ஏதாவது இருக்கிறதா என்று கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பாருங்கள். எண்பதுகளில் நடந்த யுடிஆர் (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) கணக்கோடு நிற்காமல், அதற்கு முந்தைய எஸ்எல்ஆர் எனும் நிலப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இடையில் வகைப்பாடு மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். நஞ்சை என்று இருந்தால் எந்த ஏரியின் ஆயக்கட்டு, கலங்கல் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள், அந்த ஊரில் பழைய தெருவில் இருக்கும் பெரியவர் யாரிடமாவது கேளுங்கள்.

பிறகு அந்தக் குடியிருப்பின் காவலாளியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மிக்ஜாம் சமயத்தில் கார்களைக் கொண்டுபோய் எந்த மேம்பாலத்தில் நிறுத்தினார்கள்? மே மாதத்தில் நாளைக்கு எத்தனை லாரி வருகிறது? தரைக்குக் கீழே பார்க்கிங் இருந்தால் மோட்டாரும் மின்சாரப் பலகையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அதுவும் கீழேயே இருந்தால் வேறு வீடு பாருங்கள்.